கொலஸ்ட்ரால் நார்மல்... ஆனாலும் மாரடைப்பு ஏன்? தொப்பை, சுகர், அழற்சி: மூன்றுக்கும் என்ன தொடர்பு?

"கொலஸ்ட்ரால் நார்மல்தான் டாக்டர், சுகர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. கொஞ்சம் தொப்பை இருக்கு, அவ்வளவுதான்."

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்துவிட்டு ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் பலரும் சொல்லும் வசனம் இது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வசனத்துக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு. நாம் மூன்றையும் தனித்தனிப் பிரச்னையாகப் பார்க்கிறோம். உடலோ அப்படிப் பார்ப்பதில்லை. உடலைப் பொறுத்தவரை இவை பெரும்பாலும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள். மூன்றையும் இணைக்கும் நூல்களில் ஒன்றின் பெயர் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன்.

2025 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க இதயவியல் கல்லூரி ஓர் அறிவியல் அறிக்கையை வெளியிட்டது. கொலஸ்ட்ராலோடு சேர்த்து, அழற்சியைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையையும் பரவலாகச் செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதன் பிறகு "இந்த டெஸ்ட்டை நாங்களும் எடுக்கணுமா?" என்ற கேள்வி பலருக்கும் வந்திருக்கிறது.

உடல் பருமனும் நீரிழிவும் ரத்தத்தில் உள்ள அழற்சிப் புரதங்களையும் கொழுப்பையும் என்ன செய்கின்றன? ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நம்ம ஊர் நிலவரம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய இன்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. அதன்படி:

- இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள்: சுமார் 10.1 கோடி பேர்
- நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள்: சுமார் 13.6 கோடி பேர்
- வயிற்றுப் பகுதிப் பருமன், அதாவது தொப்பை உள்ளவர்கள்: சுமார் 35.1 கோடி பேர்
- நீரிழிவு விகிதம்: தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம்

இதே ஆய்வின் முதல் கட்டத்தில் இன்னொரு தகவலும் கிடைத்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் ரத்தக் கொழுப்பை அளந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். ஆனால் டிரைகிளிசரைடு அதிகமாக இருந்தவர்கள் 29.5 சதவீதம். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம்!

அதாவது, நாம் பயந்து பயந்து பார்க்கும் எல்டிஎல் எண்ணை விட, நாம் கண்டுகொள்ளாமல் விடும் மற்ற இரண்டு எண்களில்தான் நம்மவர்களுக்கு அதிகம் பிரச்னை. இது தற்செயல் அல்ல. தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் விட்டுச் செல்லும் கைரேகை இதுதான்.

கொழுப்பு சும்மா இருக்கும் பொருளா?

ரொம்ப காலமாக, உடலில் சேரும் கொழுப்பை ஒரு குடோன் போலத்தான் மருத்துவ உலகம் பார்த்தது. மிச்சமான சக்தியைச் சேர்த்து வைக்கும் இடம், அவ்வளவுதான் என்று.

1993-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரப்பதையும், அந்தப் புரதம் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் ஹார்வர்டைச் சேர்ந்த கோகான் ஹோட்டமிஸ்லிகில் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தை முடக்கியதும் எலிகளின் உடலில் இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்தது.

அடுத்த திருப்பம் 2003-ல். நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களான மேக்ரோஃபேஜ்கள், பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. ஒல்லியான உடலில் அந்தத் திசுவின் செல்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் இவை, மிகவும் பருத்த உடலில் 40 சதவீதம் வரைகூடப் போகின்றன.

ஏன் அங்கே போகின்றன? கொழுப்பு செல் ஓர் அளவுக்கு மேல் ஊதிப் பெருத்தால் அதற்குப் போதுமான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. செல் திணறுகிறது, சில செல்கள் இறக்கின்றன. அதைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜ்கள் அங்கேயே தங்கி டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற புரதங்களை வெளியிடத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் அழற்சியைத் தணிக்கும், இன்சுலினுக்கு உதவும் அடிபோனெக்டின் என்ற நல்ல ஹார்மோன் குறைகிறது.

காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, வலிக்கும். அதுவும் அழற்சிதான், ஆனால் நாலு நாளில் அடங்கிவிடும். தொப்பைக்குள் நடக்கும் அழற்சியில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. குறைந்த சூட்டில் வருடக் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

சிஆர்பி என்றால் என்ன?

கொழுப்புத் திசுவில் இருந்து வரும் இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய் ஒரு சமிக்ஞை கொடுக்கிறது. பதிலுக்குக் கல்லீரல் தயாரிக்கும் புரதம்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சிஆர்பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. கொரோனா காலத்தில் பல குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகியிருக்கும்.

ஆனால் இதில் இரண்டு டெஸ்ட்கள் உண்டு. சாதாரண சிஆர்பி, பெரிய தொற்றைக் கண்டுபிடிக்க. எச்எஸ்-சிஆர்பி, மிகக் குறைந்த அளவையும் துல்லியமாக அளக்க. இதய ஆபத்தைக் கணிக்கப் பயன்படுவது இரண்டாவதுதான். ஒரு லிட்டர் ரத்தத்தில்:

- 1 மில்லிகிராமுக்குக் கீழ்: ஆபத்து குறைவு
- 1 முதல் 3 வரை: நடுத்தரம்
- 3-க்கு மேல்: ஆபத்து அதிகம்
- 10-க்கு மேல்: முதலில் தொற்று, காயம் அல்லது வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்

பருமன் கூடக்கூட, சர்க்கரை கூடக்கூட இந்த எண் ஏறும் போக்கு உலகம் முழுக்கப் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சென்னையில் நடந்த க்யூர்ஸ் என்ற நகர்ப்புற ஆய்வும், உடல் கொழுப்பு, நீரிழிவு, இதய ரத்தக்குழாய் நோய் ஆகிய மூன்றோடும் சிஆர்பிக்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

சரி, ரத்தக் கொழுப்பு எப்படிக் கெடுகிறது?

இங்கேதான் இன்சுலின் வருகிறது. இன்சுலின் என்றாலே சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோன் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு இன்னொரு முக்கிய வேலையும் உண்டு: சேமிப்பில் உள்ள கொழுப்பைத் தேவையில்லாமல் ரத்தத்தில் கரையவிடாமல் பூட்டி வைப்பது.

அழற்சியாலும் கொழுப்பு நெரிசலாலும் இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டால் அந்தப் பூட்டு தளர்கிறது. பிறகு நடப்பது ஒரு சங்கிலித் தொடர்:

1. கொழுப்பு செல்களில் இருந்து கொழுப்பு அமிலங்கள் கசிகின்றன. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பில் இருந்து கிளம்புபவை நேராகக் கல்லீரலுக்கே போகின்றன.
2. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வருவது இதுதான். மீதியை விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது.
3. டிரைகிளிசரைடு நிறைந்த இந்தத் துகள்கள் ரத்தத்தில் எல்டிஎல், எச்டிஎல் துகள்களோடு சரக்கு மாற்றிக்கொள்கின்றன. டிரைகிளிசரைடைக் கொடுத்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன.
4. இப்படி டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் சீக்கிரம் சிதைந்து வெளியேறுகிறது. நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது.
5. எல்டிஎல் துகள் சுருங்கி, சிறியதாகவும் அடர்த்தியாகவும் மாறுகிறது. இந்தச் சின்னத் துகள்கள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும், ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சுலபமாக நுழையும், சீக்கிரம் ஆக்சிஜனேற்றமும் அடையும்.

டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, சின்னச் சின்ன எல்டிஎல் துகள்கள். இந்த மூன்றும் சேர்ந்து வருவதுதான் நீரிழிவும் தொப்பையும் உண்டாக்கும் ரத்தக் கொழுப்புக் கோளாறின் அடையாளம்.

எல்டிஎல் நார்மல்னா நிம்மதியா இருக்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. லேப் ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல் எண், துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. எத்தனை துகள்கள் ஓடுகின்றன என்பதை அது சொல்லாது.

100 மூட்டையை 10 லாரியில் ஏற்றலாம், 25 மினி வேனிலும் ஏற்றலாம். மூட்டைக் கணக்கு ஒன்றுதான். ஆனால் ரோட்டில் வண்டி அதிகமானால் மோதலும் அதிகம். நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் பல நேரம் நடப்பது இந்த மினி வேன் கதைதான்.

ஒரு கற்பனை உதாரணத்தோடு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் நபர். சுகர் உண்டு, தொப்பை உண்டு. மொத்த கொலஸ்ட்ரால் 180. எச்டிஎல் 35. டிரைகிளிசரைடு 240. லேப் வழக்கமாகப் போடும் சூத்திரப்படி எல்டிஎல் 97. பெரும்பாலான ரிப்போர்ட்களில் 100-க்குக் கீழே இருந்தால் நார்மல்.

இரண்டாவது நபர். சுகர் இல்லை. மொத்த கொலஸ்ட்ரால் 190. எச்டிஎல் 50. டிரைகிளிசரைடு 100. எல்டிஎல் 120.

எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் முதல் நபர் ஜம்முன்னு இருக்கிறார், இரண்டாமவர்தான் கவலைப்பட வேண்டும். இப்போது இன்னொரு கணக்கு. மொத்த கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். முதல் நபருக்கு 145. இரண்டாவது நபருக்கு 140. கதை தலைகீழாகிவிட்டது!

இந்தக் கழித்தல் கணக்குக்குப் பெயர் 'நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால்'. ரத்தக்குழாயை அடைக்கக்கூடிய எல்லா வகைத் துகள்களையும் சேர்த்துப் பார்க்கும் எண் இது. தனியாக டெஸ்ட் வேண்டாம், கூடுதல் செலவும் வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள ரிப்போர்ட்டை எடுத்து இப்போதே போட்டுப் பார்க்கலாம். துகள்களின் எண்ணிக்கையை இன்னும் நேரடியாகச் சொல்லும் 'அப்போ பி' என்ற பரிசோதனையும் உண்டு.

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைவானவர்களுக்கும் நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கும் எல்டிஎல் 100-க்குக் கீழும், நான்-எச்டிஎல் 130-க்குக் கீழும் இருக்க வேண்டும். நீரிழிவு போன்ற காரணங்களால் ஆபத்து அதிகமானவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழ், நான்-எச்டிஎல் 100-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழ்.

ஆக, நம் முதல் நபருக்கு 97 என்பது நார்மலே இல்லை. லேப் பிரிண்ட் பண்ணும் 'நார்மல்' வேறு, சுகர் உள்ளவருக்கான இலக்கு வேறு.

இரண்டும் கைகோர்க்கும் இடம்

அழற்சிப் புரதங்கள் ஒரு பக்கம், கெட்டுப்போன கொழுப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் ரத்தக்குழாயின் உள்சுவர்.

சுவருக்குள் புகுந்த எல்டிஎல் துகளைத் தின்ன வெள்ளை அணுக்கள் வருகின்றன. தின்று தின்று அவையே கொழுப்பு மூட்டைகளாகி அங்கே தேங்குகின்றன. படிவு உருவாகிறது. அழற்சி தொடர்ந்தால் படிவின் மேல்மூடி மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் அது கிழிந்தால் ரத்தம் அங்கே உறைந்து குழாயை அடைக்கும். அதுதான் மாரடைப்பு.

பருமனும் நீரிழிவும் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணெய் ஊற்றுகின்றன. ரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜென், உறைந்த கட்டி கரையாமல் தடுக்கும் பிஏஐ-1 ஆகிய புரதங்கள் இவர்களுக்கு அதிகமாக இருக்கும். ரத்தத்தில் நாள்பட்டு நிற்கும் சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு குழாய்ச் சுவரை விறைக்க வைக்கும். நல்ல கொலஸ்ட்ரால்கூட அழற்சிச் சூழலில் தன் பாதுகாக்கும் குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும்.

இதனால்தான் சுகரை மட்டும் கட்டுக்குள் வைத்துவிட்டு "எல்லாம் சரி" என்று உட்கார முடியாது.

நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் உயரம்-எடைக் கணக்கான பிஎம்ஐ ஒரே 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு!

தெற்காசியர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தோலுக்கு அடியில் தங்காமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிப் போய்ச் சேரும் போக்கு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25 வரை காத்திருக்காமல் 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

பிஎம்ஐயை விட எளிமையான கருவி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: தையல் டேப். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்கணும், அதுதான் விஷயம்!

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

- ஜூபிட்டர், 2008: எல்டிஎல் 130-க்குக் கீழே, எச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் அல்லது போலி மாத்திரை தரப்பட்டது. மருந்து எடுத்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன. ஆனால் ஸ்டாட்டின் எல்டிஎல்லையும் சிஆர்பியையும் சேர்த்தே குறைத்தது. அதனால் பலன் எதனால் என்று பிரிக்க முடியவில்லை.
- கேன்டோஸ், 2017: இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் ஊசி, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதிக்கப்பட்டது. எல்டிஎல் மாறவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் பாதிப்புகள் 15 சதவீதம் குறைந்தன. அழற்சி தன்னளவிலேயே குற்றவாளி என்பதற்கு வலுவான சான்று இது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடியதால் அந்த ஊசி இதயத்துக்கான மருந்தாக வரவில்லை.
- மெத்தோட்ரெக்சேட் ஆய்வு, 2018: இந்த மருந்து சிஆர்பியையும் குறைக்கவில்லை, மாரடைப்பையும் குறைக்கவில்லை.
- கோல்சிசின்: கவுட் எனப்படும் யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குத் தரும் பழைய மாத்திரை. 2020-ல் 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் 31 சதவீதப் பலன் தெரிந்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த 2024-ன் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை.

இன்னொன்று. சிஆர்பி புகை, நெருப்பு அல்ல. மரபணு அடிப்படையில் நடந்த ஆய்வுகள், சிஆர்பி நேரடியாக மாரடைப்பை உண்டாக்குவதில்லை என்கின்றன. அதற்கு மேலே இருக்கும் இன்டர்லூகின் பாதைதான் காரணம். எனவே 'சிஆர்பியைக் குறைக்கும்' என்று விற்கப்படும் பொடிகளையும் கேப்சூல்களையும் நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். எண்ணைக் குறைப்பது நோக்கமல்ல, அடியில் எரிவதை அணைப்பதுதான் நோக்கம்.

எடைக் குறைப்பு ஊசிகள் என்ன செய்கின்றன?

2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட், எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசிகள் பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. 2023-ல் வெளியான செலக்ட் ஆய்வு, இதய நோய் இருந்த, நீரிழிவு இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் செமாக்ளூடைட்டைச் சோதித்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தன. எச்எஸ்-சிஆர்பியும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது.

கொழுப்பு குறைந்தால் அழற்சியும் குறைகிறது என்ற படத்தோடு இது பொருந்துகிறது. ஆனால் இது டாக்டர் சீட்டோடு, கண்காணிப்போடு எடுக்க வேண்டிய மருந்து. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பி வரும். கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைக்க எடுக்கும் ஷார்ட்கட் இல்லை.

ஊசி இல்லாம என்ன பண்ணலாம்?

நிறையவே செய்யலாம். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகத் தரப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சிஆர்பியும் குறைந்தது. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய ஆய்விலும், வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே 28.5 சதவீதப் பலன் தந்தது.

80 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. சினிமா ஹீரோ உடம்பு தேவையில்லை, அந்த ஐந்தரை கிலோ போதும், மாற்றம் தொடங்கிவிடும். ஏனென்றால் எடை குறையும்போது கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் உள்ள கொழுப்பு சீக்கிரமே கரையத் தொடங்கும்.

சாப்பாடு? இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்தில் இருந்தே பெறுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை என்கிறது 2025-ல் வெளியான இன்டியாப் உணவு ஆய்வு. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்தில் இருந்து பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவு ஆபத்து குறையும் என்பது அதன் கணிப்பு. இங்கே ஒரு விஷயம்: வெள்ளை அரிசியைக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தின் அளவும் குறைய வேண்டும் என்கிறது அதே ஆய்வு. நாலு இட்லிக்குப் பதில் நாலு சப்பாத்தி என்பது தீர்வல்ல. ரெண்டு இட்லி, நிறைய சாம்பார், கூடவே சுண்டலோ முட்டையோ என்பதுதான் சரியான திசை.

டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: மது, சர்க்கரை போட்ட பானங்கள், பேக்கரி ஐட்டம். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு மூன்று வேளை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் டிரைகிளிசரைடு இறங்காது. இந்த எண் 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி ஆபத்து உண்டு, உடனே டாக்டரைப் பாருங்கள். புகைபிடித்தல், தூக்கக் குறைவு, ஈறு நோய் மூன்றும் அழற்சியைக் கூட்டும். பல் டாக்டரிடம் போவதும் ஒருவகையில் இதயத்துக்கு நல்லதுதான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்எஸ்-சிஆர்பி டெஸ்ட் எல்லாருமே எடுக்கணுமா?
அமெரிக்க அறிக்கை பரவலாக எடுக்கச் சொல்கிறது. ஆனால் சுகர், பிரஷர், புகைப்பழக்கம் என ஆபத்து ஏற்கெனவே தெளிவாக இருந்தால், டெஸ்ட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று நடுவில் நிற்பவர்களுக்கு இது அதிகம் உதவும். காய்ச்சல், சளி, டெங்கு, காயம் இருக்கும்போது எடுக்காதீர்கள். குணமாகி இரண்டு வாரமாவது கழித்து எடுங்கள்.

கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயமா?
பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். சாப்பிட்ட பிறகு எடுத்ததில் டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். சுகர் டெஸ்ட்டுக்கான விதி வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாட்டின் மாத்திரை போட்டா சுகர் வரும்னு வாட்ஸ்அப்ல வருதே?
முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜூபிட்டர் ஆய்வில் புதிதாக நீரிழிவு வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதம், எடுக்காதவர்களில் 2.4 சதவீதம். சிறிய வித்தியாசம் உண்டு. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் பலன் அதை விடப் பெரியது. 40 வயதைத் தாண்டிய, நீரிழிவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஸ்டாட்டின் பரிந்துரைக்கப்படுகிறது. ஃபார்வர்ட் மெசேஜைப் பார்த்து நீங்களே நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருது. அது போதாதா?
2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவருகிறது. மாத்திரை நிற்காமல் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் மாத்திரை வருகிறதே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறையாவது அரசு மருத்துவமனையில் கொழுப்பு, சிறுநீரகம், கண், கால் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நெஞ்சுவலி வந்தா?
கேஸ்தான் என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு என்றுகூட மாரடைப்பு வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட அவசர மாத்திரைகள் தரப்படுகின்றன.

இனி ரிப்போர்ட் கைக்கு வந்தா...

சிவப்பில், தடித்த எழுத்தில் எது இருக்கிறது என்று மட்டும் தேடாதீர்கள். ஐந்து எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்:

- இடுப்புச் சுற்றளவு
- மூன்று மாத சர்க்கரை சராசரி, அதாவது எச்பிஏ1சி
- டிரைகிளிசரைடு
- எச்டிஎல்
- மொத்த கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லைக் கழித்த நான்-எச்டிஎல்

டாக்டர் சொல்லி எச்எஸ்-சிஆர்பி எடுத்திருந்தால் அதையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது "என் எல்டிஎல் நார்மலா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எனக்கு இருக்கும் ஆபத்துக்கு இந்த எண்கள் சரியா?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்து வேறு வேறு பதில் வரலாம். உங்களுக்குத் தேவை இரண்டாவது பதில்தான்.